கையுறை வந்த வரலாறு

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் இலக்கியமும் இசையும் கோயில் வரலாறும் இடம்பெறுதல் வழக்கம். அவ்வரிசையில் கையுறையைப் பற்றியும் ஒரு கட்டுரையா என்று அன்பர்கள் வியத்தல் கூடும். தாயகம் விட்டுத் தொலைவில் வந்து குடியேறிய நாம் நம் கைகளை நம்பி வாழ்பவர்கள். ஆலையிலே கருவி பிடிக்கும் கையும், மருத்துவமனையிலே புண்ணுக்கு மருந்திடும் கையும், ஆய்வுக்கூடத்திலே குப்பி ஏந்தும் கையும், அடுக்களையிலே பாத்திரம் துலக்கும் கையும் நம் குடும்பங்களில் உண்டு. அக்கைகளைக் காக்கும் உறை எவ்வாறு தோன்றியது, எத்தனை பேருடைய துன்பத்தின் வழியே அது நம்மை வந்தடைந்தது என்பதை அறிந்தால், எந்த வேலைக்கு எந்த உறை என்னும் கேள்விக்கு விடையும் தானே விளங்கும்.

சொல்லும் பொருளும்

கையுறை என்னும் சொல்லைச் சங்கப் புலவர் நன்கு அறிவர். ஆயினும் அவர்கள் வழங்கிய பொருள் வேறு. தலைவன் தலைவிக்கென்று கொணரும் தழையும் மலருமே அகத்திணையில் கையுறை எனப்படும். அதனைத் தோழி ஏற்றலும் மறுத்தலும் தனித்தனித் துறைகளாயின. மன்னரைக் காணச் செல்வோர் ஏந்திச் சென்ற காணிக்கையும் கையுறையே. கைக்கு அணியும் காப்பினைக் குறிக்கப் பழைய நூல்களில் வேறு சொல் உண்டு. வில்லாளர் நாணின் அடி படாதவாறு கட்டிக்கொண்ட தோற்காப்பு கோதை எனப்பட்டது. காலம் செல்லச் செல்லக் காணிக்கை என்னும் பொருள் பின்தங்கிக் கைக்கு இடும் உறை என்னும் பொருளே நிலைபெற்றது. இவ்விரு பொருளும் ஒரே நிகழ்ச்சியில் வந்து பொருந்திய விந்தை ஒன்றைப் பின்னர்க் காண்போம்.

கைக்கு உறையிடும் வழக்கம் மிகப் பழமையானது. எகிப்து நாட்டில் 1922ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட துட்டன்காமன் மன்னனின் கல்லறையில் நார்த்துணியால் ஆன கையுறைகள் கிடைத்தன. அவை ஏறத்தாழ 3,300 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. கிரேக்கப் பெருங்காப்பியமாகிய ஒடிசியில், முதியவராகிய லேர்ட்டீஸ் தம் தோட்டத்தில் முள் குத்தாதிருக்கக் கையுறை அணிந்து நிற்கிறார். இடைக்கால ஐரோப்பாவில் போர்வீரர் இரும்புக் கையுறையும், வல்லூறு வளர்ப்போர் தோற்கையுறையும் அணிந்தனர்.

இவை யாவும் அணிந்தவர் கையை மட்டுமே காத்தன. முள்ளும் வாளும் பறவையின் நகமும் கண்ணுக்குத் தெரிந்த பகைகள். கண்ணுக்குத் தெரியாத பகை ஒன்று கையிலேயே குடியிருக்கிறது என்பதை உலகம் உணர்வதற்குப் 19ஆம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது.

கையே நஞ்சான காலம்

வியன்னா நகரப் பெருமருத்துவமனையில் மகப்பேற்றுக்கு இரண்டு பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவரும் மருத்துவ மாணவரும் பணிபுரிந்தனர். மற்றொன்றில் மருத்துவச்சியர் பணிபுரிந்தனர். முதற்பிரிவில் பிள்ளை பெற்ற தாய்மார் சுரங்கண்டு இறப்பது இரண்டாம் பிரிவைக் காட்டிலும் மிகுதியாக இருந்தது. காரணம் எவருக்கும் விளங்கவில்லை. அங்குப் பணியாற்றிய இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் இளம் மருத்துவர் இதனை எண்ணி எண்ணி வருந்தினார். 1847ஆம் ஆண்டு அவருடைய நண்பராகிய பேராசிரியர் கொல்லெட்ச்கா, பிண ஆய்வின்போது கத்தி பட்டுக் காயமுற்று, அத்தாய்மார் இறந்த அதே முறையில் இறந்தார். செம்மல்வைஸுக்கு உண்மை புலப்பட்டது. பிண ஆய்வுக் கூடத்திலிருந்து நேரே மகப்பேற்று அறைக்கு வரும் மருத்துவர் கைகளே நோயைச் சுமந்து வருகின்றன என்று அவர் முடிவுசெய்தார்.

அவ்வாண்டு மே மாதம் முதல் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவிய பின்னரே உள்ளே வரவேண்டும் என்று அவர் விதித்தார். ஏப்ரல் மாதத்தில் நூற்றுக்குப் பதினெட்டு என்ற அளவில் இருந்த சாவு, சில திங்களில் நூற்றுக்கு இரண்டு என்ற அளவுக்குக் குறைந்தது. எனினும் உயிர் காக்கும் தம் கைகளே உயிர் பறித்தன என்பதை அக்கால மருத்துவர் பலர் ஏற்கவில்லை. செம்மல்வைஸ் 1865ஆம் ஆண்டு மனநோயாளர் விடுதி ஒன்றில் காலமானார்.

அதன்பின் ஜோசப் லிஸ்டர் 1867ஆம் ஆண்டில் கார்பாலிக் அமிலத்தைக் கொண்டு புண்ணைத் தூய்மை செய்யும் முறையை வெளியிட்டார். நோய்க்கிருமிகளைப் பற்றிய அறிவு பரவியது. அறுவை அறைகளில் கடுமையான மருந்து நீர்கள் வந்தன. நோயாளியின் உயிர் பிழைத்தது. மருத்துவர், செவிலியர் ஆகியோரின் கைத்தோல் வெந்தது. கைகழுவுதல் ஒரு பக்கம் காத்து, மறுபக்கம் வருத்தியது. இந்த இடர்ப்பாட்டிலிருந்துதான் இன்றைய மருத்துவக் கையுறை பிறந்தது.

தலைவன் தந்த கையுறை

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 1889ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அங்கு அறுவை மருத்துவத்துக்குத் தலைமை ஏற்றவர் வில்லியம் ஸ்டூவர்ட் ஹால்ஸ்டெட். அறுவை அறையின் செவிலியர் தலைவி காரொலைன் ஹாம்ப்டன். அங்குக் கைகளைத் தூய்மை செய்யப் பாதரசக் குளோரைடு கரைத்த நீர் பயன்பட்டது. நம் சித்த மருத்துவர் சவ்வீரம் என்று வழங்கும் கொடிய பொருள் அதுவே. நாள்தோறும் அதில் கைநனைத்த ஹாம்ப்டனின் கைகளிலும் முன்கைகளிலும் தோல் வெடித்துப் புண்ணாயிற்று. பணியை விடுவதன்றி வேறு வழியில்லை என்னும் நிலை வந்தது.

திறமை மிக்க செவிலியரை இழக்க ஹால்ஸ்டெட்டுக்கு மனமில்லை. அவர் நியூயார்க்கிலிருந்த குட்இயர் ரப்பர் நிறுவனத்தாரை அணுகி, முன்கை வரை நீண்ட மெல்லிய ரப்பர் கையுறை இரண்டு இணை செய்து தருமாறு வேண்டினார். 1889ஆம் ஆண்டின் இறுதியிலோ 1890ஆம் ஆண்டின் தொடக்கத்திலோ நிகழ்ந்தது இது. உறைகள் வந்தன, புண் ஆறியது. 1890ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஹால்ஸ்டெட்டும் ஹாம்ப்டனும் மணம்புரிந்துகொண்டனர். தழையும் பூவும் ஏந்திவந்த நம் அகத்திணைத் தலைவனைப் போலவே இம்மருத்துவரும் கையுறை தந்தே தலைவியை அடைந்தார் எனலாம். பழம்பொருளும் புதுப்பொருளும் ஒன்றான இடம் இது.

இங்கு நாம் கருதத்தக்க உண்மை ஒன்றுண்டு. அந்த முதற் கையுறை நோயாளியைக் காப்பதற்காகச் செய்யப்பட்டதன்று. அணிபவர் தோலைக் காக்கவே செய்யப்பட்டது. பிறகு அறுவை உதவியாளர்கள் அதனை விரும்பி அணியலாயினர். ஹால்ஸ்டெட்டின் மாணவராகிய ஜோசப் பிளட்குட், குடலிறக்க அறுவைகள் 450க்கு மேற்பட்டவற்றை ஆராய்ந்து, கையுறை அணிந்து செய்தவற்றில் புண் சீழ்ப்பிடித்தல் பெரிதும் குறைந்தது என்று 1899ஆம் ஆண்டு வெளியிட்டார். அதன் பின்னரே கையுறை இருவரையும் ஒருங்கே காப்பது என்னும் தெளிவு பிறந்தது. கண்முன் இருந்த உண்மையைக் காண ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆயின.

பால்மரமும் நம் மக்களும்

ஹால்ஸ்டெட்டின் விருப்பம் நிறைவேறியதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒரு கண்டுபிடிப்பே காரணம். பக்குவப்படுத்தாத ரப்பர் வெயிலில் இளகி ஒட்டும். குளிரில் விறைத்து வெடிக்கும். அதனுடன் கந்தகம் சேர்த்துச் சூடேற்றினால் இக்குறை நீங்கும் என்பதைச் சார்ல்ஸ் குட்இயர் 1839ஆம் ஆண்டில் கண்டார். 1844ஆம் ஆண்டில் உரிமம் பெற்றார். ஹால்ஸ்டெட் நாடிய நிறுவனம் அவர் பெயரைத் தாங்கியது. பிற்காலத்தில் வண்டிச் சக்கரங்களுக்குப் புகழ்பெற்ற நிறுவனம் வேறு. அது 1898ஆம் ஆண்டிலேதான் தோன்றியது.

அக்காலத்தில் ரப்பர் பிரேசில் நாட்டுக் காடுகளிலிருந்தே பெரும்பாலும் வந்தது. 1876ஆம் ஆண்டு ஹென்றி விக்காம் என்பவர் ஏறத்தாழ 70,000 விதைகளைப் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைத்த கன்றுகள் இலங்கைக்கும், பின்னர்ச் சிங்கப்பூருக்கும் அனுப்பப்பட்டன. அங்கிருந்து மலாயாக் காடுகள் தோட்டங்களாயின. அத்தோட்டங்களில் மரம் நட்டவரும் பால் வெட்டியவரும் பெரும்பாலும் தமிழர். கங்காணிகள் ஊர் ஊராகச் சென்று ஆள் சேர்த்தனர். நம்மைப் போலவே பிழைப்பை நாடி ஊர்விட்ட அம்மக்கள், விடியுமுன் எழுந்து, பட்டையைக் கீறி, கிண்ணத்தில் வடிந்த பாலை வாளியில் சேர்த்தனர். அவர்கள் அதனைப் பால்மரம் என்றே அழைத்தனர். நம் நாட்டில் 1902ஆம் ஆண்டு பெரியாற்றங்கரையில் தட்டேக்காட்டில் வாணிக அளவிலான முதல் ரப்பர்த் தோட்டம் தொடங்கிற்று. இன்று தமிழ்நாட்டின் ரப்பரில் பெரும்பங்கைத் தருவது கன்னியாகுமரி மாவட்டம்.

வடித்த பால் உறைந்துவிடாமல் இருக்க அதனுடன் அம்மோனியா சேர்ப்பர். பின்பு நீரைப் பிரித்துச் செறிவூட்டுவர். கை வடிவில் செய்த பீங்கான் அச்சுகளை முதலில் உறைகூட்டும் உப்பு நீரிலும், அடுத்துப் பாலிலும் முக்கி எடுத்துக் கழுவிச் சூடேற்றினால் மெல்லிய உறை உருவாகிறது. உலகின் மருத்துவக் கையுறைகளில் பெரும்பகுதியை மலேசியா செய்து அனுப்புகிறது. 2020ஆம் ஆண்டு கொரோனா நோய் பரவியபோது உலகமே கையுறைக்கு ஏங்கிற்று. அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் அங்குள்ள தொழிலாளர் விடுதிகளிலேயே அந்நோய் பரவி, ஆலைகள் பல தற்காலிகமாக மூடப்பட்டன. உலகின் கைகளைக் காத்தவர் தம்மைக் காத்துக்கொள்ள வழியின்றி நெருக்கடியில் வாழ்ந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது.

ஒரு முறைக்கு ஓர் உறை

தொடக்கத்தில் அறுவைக் கையுறையைக் கழுவி, ஓட்டை பார்த்து, பொட்டு ஒட்டி, மாவு தூவி, நீராவியில் தூய்மை செய்து மீண்டும் மீண்டும் அணிந்தனர். ஒருமுறை அணிந்து எறியும் உறை 1960களின் நடுவில் பெருகிற்று. 1980களில் எய்ட்ஸ் நோய் தோன்றியபின், எல்லா நோயாளியரின் குருதியையும் தொற்றுடையதாகவே கருதிக் கையுறை அணிதல் வேண்டும் என்று 1987ஆம் ஆண்டு அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் அறிவித்தது.

உறை பெருகியபோது புதிய துன்பம் ஒன்றும் வந்தது. ரப்பர்ப் பாலில் உள்ள புரதம் சிலருடைய உடலுக்கு ஒவ்வாமையாயிற்று. அரிப்பும் தடிப்பும் தொடங்கி மூச்சடைப்பு வரை சென்றது. உறையில் தூவிய மாவு அப்புரதத்தைக் காற்றில் பரப்பிற்று. ஆதலின் அமெரிக்காவில் மாவிட்ட மருத்துவக் கையுறைகள் 2017ஆம் ஆண்டு ஜனவரியில் தடை செய்யப்பட்டன. ரப்பர்ப் பாலுக்கு மாற்றாக, நிலத்தடி எண்ணெயிலிருந்து செய்யப்படும் நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பர் உறை பரவிற்று.

உறை இருந்தும் காவாத நாள்

கையுறை அணிந்துவிட்டோம், இனி அச்சமில்லை என்று எண்ணுவோர்க்கு ஒரு வரலாறு சொல்லுதல் கடமை. அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக விளங்கியவர் காரென் வெட்டர்ஹான். நச்சு உலோகங்களை ஆராய்வதில் வல்லவர். 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 14ஆம் நாள், டைமெத்தில் பாதரசம் என்னும் நீர்மத்தைக் கையாண்டபோது, அதில் ஓரிரு துளிகள் அவருடைய கையுறையின் மேல் சிந்தின. அவர் கவனக்குறைவானவர் அல்லர். ஆவி உறிஞ்சும் அறையில் நின்று, கண்ணாடி அணிந்து, ரப்பர்ப் பால் கையுறையும் அணிந்தே அவ்வேலையைச் செய்தார். அக்காலத்து விதிகள் கேட்டவை இவையே.

ஐந்து மாதங்கள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு நடை தள்ளாடியது, பேச்சுக் குழறியது. பாதரசம் மூளையைத் தாக்கியிருந்தது. 1997ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள், 48ஆம் வயதில் அவர் மறைந்தார். பின்னர்ச் சோதித்தபோது, அந்நீர்மம் அவ்வகைக் கையுறையைப் பதினைந்து நொடிக்குள் ஊடுருவிவிடும் என்று தெரிந்தது. பல அடுக்குப் படலத்தால் ஆன வேறு வகை உறையே அதனைத் தடுக்கும் என்பது அதன் பின்னரே விதியாயிற்று. ஒரு பாதரசப் பொருளிலிருந்து காக்கப் பிறந்த கையுறை, நூறாண்டு கழித்து மற்றொரு பாதரசப் பொருளின் முன் தோற்றது. பொருளில் குறையில்லை, பகை வேறாக இருந்தது. எல்லாப் பகையையும் தடுக்கும் உறை என ஒன்று இல்லை என்பதே இவ்வரலாறு தரும் பாடம்.

ஆலையும் உறையும்

தொழிற்சாலையின் வரலாறும் இதனையே சொல்லுகிறது. உலைக்களங்களில் வெப்பம் தாங்கக் கல்நார்க் கையுறைகளை நெடுங்காலம் அணிந்தனர். அவை கையைக் காத்தன. ஆனால் அவற்றிலிருந்து உதிர்ந்த நுண்ணிழை நுரையீரலில் புகுந்து உயிரைக் குடித்தது. 1965ஆம் ஆண்டில் ஸ்டெஃபனி குவோலெக் என்னும் வேதியியலாளர் கண்ட கெவ்லர் முதலிய புதிய இழைகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. இன்று வெப்பத்துக்கும் வெட்டுக்கும் தாங்கும் கையுறைகள் பல இவ்விழையால் ஆனவை.

மின்பணியாளர்க்கு உரிய ரப்பர் கையுறை தனி வகை. இந்தியத் தர நிறுவனம் அதற்கு ஐ.எஸ். 4770 என்னும் தர அளவை வகுத்துள்ளது. உலகத் தர அளவில் 0ஆம் வகுப்பு உறை 1,000 வோல்ட் வரையும், 4ஆம் வகுப்பு உறை 36,000 வோல்ட் வரையும் தாங்குவதற்குரியது. அணியுமுன் விளிம்பைச் சுருட்டிக் காற்றை அடைத்து, ஊசித்துளை உண்டா என்று பார்த்தல் வேண்டும். ரப்பர் கிழியாதிருக்க அதன்மேல் தோலுறை அணிவர். பற்றவைப்போர்க்குத் தோலுறையே ஏற்றது. உறை அணியாமையே காவலாகும் இடமும் உண்டு. கடைசல் பொறி, துளைப்பொறி முதலிய சுழலும் பொறிகளின் அருகே கையுறை அணிந்தால், அதன் நுனி சிக்கிக் கையையே இழுத்துச் சென்றுவிடும்.

வேதிப்பொருள் கையாளும் அன்பர்கள் பொருளுக்கு உறவும் பகையும் அறிதல் வேண்டும். மண்ணெண்ணெயும் மசகெண்ணெயும் இயற்கை ரப்பரை ஊதச் செய்யும். நைட்ரைல் அவற்றைத் தாங்கும். அசிட்டோன் போன்ற கரைப்பான்களை நைட்ரைல் தாங்காது. அவற்றுக்குப் பியூட்டைல் ரப்பர் ஏற்றது. உறையின் மீதுள்ள குறிகளும் உதவும். ஈ.என். 388 என்பது உராய்வு, வெட்டு, கிழிவு, குத்து ஆகியவற்றுக்கும், ஈ.என். 407 என்பது வெப்பத்துக்கும், ஈ.என். 374 என்பது வேதிப்பொருளுக்கும் உரியவை.

இல்லத்தில் ஏற்ற உறை

இல்லத்து அன்னையர்க்கும் வீட்டுவேலை பகிர்ந்துகொள்ளும் ஆடவர்க்கும் சிலவற்றைக் கூறி முடிப்போம். பாத்திரம் துலக்குவதால் கையில் வெடிப்பும் அரிப்பும் காண்போர், உள்ளே பருத்தித் துணி இட்ட தடித்த ரப்பர் உறையை அணிதல் நன்று. அடுக்களைக்கு ஒன்றும் கழிப்பறைக்கு ஒன்றுமாக நிறம் வேறுபடுத்தி வைத்தல் வேண்டும். கழிப்பறை கழுவும் அமிலத்துக்கு மருத்துவர் அணியும் மெல்லிய உறை போதாது. முன்கை வரை நீண்ட தடித்த உறையே தக்கது. அமிலத்தையும் சலவைத் தூளையும் ஒருபோதும் கலத்தலாகாது. அதிலிருந்து எழும் குளோரின் ஆவியை எந்தக் கையுறையும் தடுக்காது. மிளகாய் அரியும்போது மெல்லிய உறை போதும். அடுப்பிலிருந்து கலம் இறக்க ரப்பர் உறை ஆகாது. உலர்ந்த தடித்த கரித்துணியே நல்லது. ஈரத்துணி வெப்பத்தை விரைந்து கடத்திக் கையைச் சுட்டுவிடும்.

அளவும் கருதத்தக்கது. இறுகினால் உறை கிழியும். தளர்ந்தால் பிடி நழுவும். நோயாளியைப் பேணும் வீடுகளில், ஒருவரைத் தொட்ட உறையோடு கதவையும் தொலைபேசியையும் தொட்டால், உறையே நோயைப் பரப்பும் கையாகிவிடும். கழற்றும்போது உட்புறம் வெளிவருமாறு உரித்து எறிந்து, உடனே சவர்க்காரமிட்டுக் கைகழுவுதல் வேண்டும். செம்மல்வைஸ் காட்டிய வழி உறை வந்தபின்னும் பழையதாகிவிடவில்லை.

இறுதியாக, நம் காலனியின் குப்பையை அள்ளிச் செல்லும் தூய்மைப் பணியாளரை நினைப்போம். காப்பு அணியின்றிக் கழிவுநீர்க் குழாய்களிலும் தொட்டிகளிலும் மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. அவர்தம் கைகளுக்கு மெல்லிய மருத்துவ உறை ஏற்றதன்று. குத்தும் வெட்டும் தாங்கி நீரும் புகாத தடித்த உறை வேண்டும். நாமும் உடைந்த கண்ணாடியையும், மழித்த அலகையும், சர்க்கரை நோய்க்கு இட்ட ஊசியையும் வெறுமனே குப்பையில் எறியாமல், தடித்த கலத்தில் தனியே இட்டு அடையாளத்துடன் கொடுத்தல் வேண்டும். வரும் பொங்கலுக்கு அவர்களுக்கு நாம் வேட்டியும் சேலையும் கொடுக்கும்போது, அவரவர் கைக்கு அளவான நல்ல உறை ஒன்றையும் சேர்த்துக் கொடுப்போமாக. பழந்தமிழர் சொன்ன பொருளிலும் இன்று நாம் சொல்லும் பொருளிலும் அதுவே சிறந்த கையுறையாகும்.